மழை நாளில் விருந்தினரோடு ஒரு நேரோபோட் பயணம்: பிளிஸ்வொர்த்திலிருந்து ஸ்டோக் புரூவர்ன் வரை

இங்கிலாந்தின் கால்வாய்களில் நேரோபோட் என்னும் ஒடுங்கிய நீண்ட படகை ஓட்டுபவர்கள், விருந்தினர் வரும் நாளன்று மழை பெய்யுமா என்று பார்ப்பதைவிடக் காற்று எவ்வளவு வீசும் என்று பார்ப்பதே முக்கியம். ஏறத்தாழ 57 அடி நீளமும் 6 அடி 10 அங்குல அகலமும் கொண்ட இந்த எஃகுப் படகுக்குத் தட்டையான அடிப்பாகமும் உயரமான பக்கச் சுவர்களும் இருப்பதால், மெதுவாகச் செல்லும்போது பக்கவாட்டுக் காற்று அதை எளிதில் கரையை நோக்கித் தள்ளிவிடும். மழை அப்படிப்பட்டதன்று, அது ஓட்டுபவரை நனைக்கும், பலகைகளை வழுக்கச் செய்யும், அவ்வளவுதான். காற்றின் வீச்சு மணிக்கு 25 மைலைத் தாண்டும் என்று வானிலை அறிக்கை சொன்னாலோ, இடி மின்னல் எச்சரிக்கை இருந்தாலோ, படகை அவிழ்க்காமல் கட்டிய இடத்திலேயே விருந்து வைத்துவிடலாம். காற்றில்லாமல் நாள் முழுவதும் சிணுங்கிக்கொண்டிருக்கும் மழைக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட்டால், அந்த நாட்டில் ஆண்டில் பாதி நாள் படகு கரையிலேயே கிடக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஆறும் கால்வாயும் கலக்கும் பாதைகளில் மழை நாளை வேறுவிதமாகக் கணக்கிட வேண்டும். கால்வாயில் மிகுதியாகும் நீர் வழிந்தோடிகள் வழியாக வெளியேறிவிடுவதால் மட்டம் பெரும்பாலும் ஒரே நிலையில் இருக்கும்; தேம்ஸ், சோர் போன்ற ஆறுகளிலோ மழைக்குப் பிறகு நீரோட்டம் விரைவாக வலுப்பெறும். தேம்ஸ் நதியில் படகுகளை ஏற்றி இறக்கும் லாக்குகளில் சிவப்புப் பலகை தொங்கினால் ஓட்டம் வலுத்துவிட்டது என்று பொருள். விருந்தினரை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகவே கூடாது. முந்தைய இரண்டு மூன்று நாள்களில் நல்ல மழை பெய்திருந்தால், அன்று வெயில் அடித்தாலும் ஆற்றுப் பகுதியைத் தவிர்ப்பதே சரி.

எந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பது?

மழை நாளில் விருந்தினரோடு செல்லும் பயணம் குறுகியதாகவும், லாக்குகள் இல்லாததாகவும், நடுவில் இறங்கி ஒதுங்குவதற்கு ஓர் இடம் உள்ளதாகவும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. லாக் என்பது இரு முனைகளிலும் கதவுள்ள தொட்டி. அதில் நீரை நிரப்பியும் வடித்தும் படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்திற்கு ஏற்றுவார்கள், இறக்குவார்கள். ஒவ்வொரு லாக்கிலும் குறைந்தது ஒருவராவது கரையில் இறங்கி, மதகுகளைத் திருகித் திறந்து, ஈரம் ஊறிய கனமான கதவுகளை முதுகால் தள்ள வேண்டும். வார்விக் அருகே ஹாட்டனில் 21 லாக்குகள் தொடர்ச்சியாக இருக்கின்றன. வெயிலில் அது திருவிழா, மழையில் அது கூலி வேலை. முதன்முறையாகப் படகேறும் விருந்தினர் அங்கே ஒன்று நனைந்து நடுங்குவார்கள், அல்லது உள்ளே உட்கார்ந்து சலித்துப்போவார்கள்.

நான் பரிந்துரைப்பது, நார்தாம்ப்டன்ஷையரில் கிராண்ட் யூனியன் கால்வாயில் பிளிஸ்வொர்த் கிராமத்திலிருந்து ஸ்டோக் புரூவர்ன் கிராமம் வரையிலான தொலைவு. மொத்தம் 3 மைல் அளவுதான் இருக்கும். நடுவில் ஒரு லாக் கூடக் கிடையாது. அந்தத் தொலைவில் பாதிக்கும் மேல் ஒரு சுரங்கத்திற்குள் செல்கிறது. மறுமுனையில் அருங்காட்சியகமும் மதுக்கூடமும் சாப்பாட்டுக் கடையும் கரையை ஒட்டியே இருக்கின்றன. போக ஒன்றேகால் மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரம், திரும்ப ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், காலை 10 மணிக்குக் கிளம்பினால் மூன்று மணிக்குள் திரும்பிவிடலாம். அக்டோபர் இறுதியில் கடிகாரத்தைப் பின்னே தள்ளிய பிறகு அங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் என்பதாலும், வாடகைப் படகை இருட்டிய பின் ஓட்ட அனுமதி இல்லை என்பதாலும், இந்தக் கணக்கு முக்கியம். கால்வாய்களில் வேகத்தின் உச்சவரம்பு மணிக்கு 4 மைல்தான். கட்டிவைத்த படகுகளைக் கடக்கும்போது நடப்பவரைவிட மெதுவாகப் போக வேண்டியிருக்கும். கிளம்பும் முன் கால்வாய் அறக்கட்டளையான கனால் அண்டு ரிவர் டிரஸ்ட் தன் இணையதளத்தில் வெளியிடும் அடைப்பு அறிவிப்புகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் இந்த அறக்கட்டளைதான் பராமரிக்கிறது.

பிளிஸ்வொர்த் சுரங்கத்தின் கதையை விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. உள்ளே நுழைந்த பிறகு இன்ஜின் ஓசையில் ஒன்றும் காதில் விழாது. லண்டனையும் மிட்லண்ட்ஸ் பகுதியையும் இணைத்த அன்றைய கிராண்ட் ஜங்ஷன் கால்வாயின் பிற பகுதிகள் 1800-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டபோதும், இந்தக் குன்றைக் குடைவதற்கான முதல் முயற்சி நிலத்தடி நீரால் தோற்றுப்போயிருந்ததால், சரக்கைப் படகிலிருந்து இறக்கி, குன்றின் மேல் போட்ட தண்டவாளத்தில் குதிரைகளைக் கொண்டு இழுத்துச் சென்று, மறுபக்கம் மீண்டும் படகில் ஏற்றினார்கள். 1805-இல்தான் சுரங்கம் திறக்கப்பட்டது. நீளம் 2,813 மீட்டர். உள்ளே நடைபாதை இல்லாததால் படகை இழுக்கும் குதிரையைக் குன்றின் மேல் நடத்திச் செல்வார்கள். படகிலிருந்து நீட்டிய பலகைகளில் இரண்டு ஆள்கள் மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவர்களைக் காலால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்துவார்கள். 1861-இல் நீராவிப் படகு ஒன்றின் புகை உள்ளே சூழ்ந்து உயிர்ப்பலி வாங்கியது. நடுப்பகுதி சிதைந்துபோய், 1980-களில் கான்கிரீட் வளையங்களைக் கொண்டு புதுப்பித்து 1984-இல் மீண்டும் திறந்தார்கள். மிஞ்சிய வளையம் ஒன்று தெற்கு வாயிலருகே நிற்கிறது, அதன் நடுவில் ஆளை நிறுத்திப் படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை.

விருந்தினர் வருவதற்கு முன்

கரி அடுப்பை ஒரு மணி நேரம் முன்பே மூட்டிவிடுங்கள். வெளியே குளிரில் நின்று வருபவர் கதவைத் திறந்ததும் முகத்தில் வெதுவெதுப்பு படுவதுதான் அன்றைய விருந்தோம்பலில் பாதி. அதிலும் ஊரிலிருந்து முதன்முறையாக வந்திருக்கும் பெற்றோரோ மாமா அத்தையோ என்றால், அவர்களின் நாளே அந்த அடுப்பைச் சார்ந்திருக்கும். அடுப்பு எரியும்போது கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை அழுத்திச் சோதிப்பது கட்டாயம். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தங்கும் அறையுள்ள படகுகளில் அலாரம் இருக்க வேண்டும் என்பது 2019 ஏப்ரல் முதல் படகுப் பாதுகாப்புத் திட்டத்தின் விதி. மழைச்சாரல் வருகிறது என்று கூரையிலுள்ள காளான் வடிவக் காற்றுத் துளைகளை யாரேனும் துணியால் அடைத்துவிடுவார்கள். அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். ஆறு பேர் ஈர உடையோடு மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் குறுகிய அறையில் சன்னல்களில் பத்து நிமிடத்தில் ஈரம் படர்ந்துவிடும், பிறகு வெளியே பார்க்க ஒன்றும் இருக்காது. எனவே எதிரெதிர்ப் பக்கச் சன்னல்களின் மேல்மடிப்பைச் சற்றே திறந்துவைத்து, கண்ணாடியைத் துடைக்க ஒரு பழந்துணியை ஒவ்வொரு சன்னலடியிலும் போட்டுவையுங்கள்.

பின்தளத்தின் அடியில் இன்ஜின் இருக்கும் படகானால், தளப் பலகைகளின் இடுக்கு வழியாக மழைநீர் கீழே இறங்கித் தேங்கும். நீர் இறைக்கும் பம்பு வேலை செய்கிறதா என்று பார்ப்பதோடு, தேங்கிய நீரில் எண்ணெய் மிதக்கவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கலந்த நீரைக் கால்வாயில் இறைப்பது குற்றம். இன்ஜின் எண்ணெய், டீசல், முன்விளக்கு, ஹாரன் ஆகியவை வழக்கமான சோதனைகள். நீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளும் புரொப்பல்லரில் பாசியோ பிளாஸ்டிக் பையோ சுற்றியிருந்தால், அதற்கு மேலே உள்ள மூடியிட்ட திறப்பு வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். இன்ஜின் நின்று சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கும்போது மட்டுமே அதைச் செய்யுங்கள், முடிந்ததும் மூடியை இறுக்கமாகப் பூட்டுங்கள். சரியாகப் பூட்டாத மூடி வழியாக நீர் புகுந்து மூழ்கிய படகுகள் உண்டு.

முன்தளத்தில் கித்தான் கூடாரம் இருந்தால் அதை முழுவதும் இறக்கி, கீழே பழைய செய்தித்தாள்களை விரித்து, காலணி கழற்றும் இடமாக அதை ஆக்கிவிடுங்கள். கால்வாய்க் கரையின் சேறு களிமண். அறைக்குள் வந்துவிட்டால் மறுநாள் வரை போகாது.

அவிழ்ப்பதற்கு முன் சொல்ல வேண்டியவை

பாதுகாப்புப் பேச்சை வெளியே மழையில் நிறுத்திவைத்துச் சொன்னால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். எல்லோரையும் உள்ளே உட்கார வைத்து, கையில் சூடான தேநீரைக் கொடுத்து, இன்ஜினைக் கிளப்பும் முன் சொல்லுங்கள். கரையிலிருந்து படகுக்குக் காலை எடுத்து வைக்க வேண்டும், தாவக் கூடாது. முதியவர்களுக்கு முன்தளமே ஏற்ற வாயில்; அங்கே பக்கச் சுவர் தாழ்வு, பிடித்துக்கொள்ள இரு பக்கமும் கம்பி உண்டு. படகின் ஓரமாக ஓடும் குறுகிய விளிம்பில் மழை நாளில் யாரும் நடக்கக் கூடாது. கூரை மேல் ஏறவே கூடாது. படகு கரையிலோ இன்னொரு படகிலோ மோதப்போகிறது என்று தோன்றினால், காலையோ கையையோ நீட்டித் தடுக்க முயலக் கூடாது. இந்தப் படகின் எடை 15 டன்னுக்கு மேல் இருக்கும், மோதினால் மோதட்டும், சுவருக்கும் எஃகுக்கும் நடுவில் விரல் இருக்கக் கூடாது.

தண்ணீரில் யாராவது விழுந்துவிட்டால், முதலில் பார்ப்பவர் உரக்கக் கத்த வேண்டும்; ஓட்டுபவர் உடனே கியரை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். பதற்றத்தில் பின்னோக்கி ஓட்டினால் சுழலும் புரொப்பல்லர் விழுந்தவரை நோக்கி வரும். கால்வாயின் ஆழம் பெரும்பாலான இடங்களில் நான்கடி அளவுதான், எனவே "எழுந்து நில்லுங்கள்" என்று சொல்வதே பல நேரம் போதும்; அவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது, கயிற்றையோ மிதவையையோ எறிய வேண்டும். குழந்தைகளும் நீந்தத் தெரியாதவர்களும் வெளித்தளத்தில் இருக்கும் நேரமெல்லாம் உயிர்காப்பு உடை அணிந்திருக்க வேண்டும், குளிர்கோட்டுக்கு மேல்தான் அணிய வேண்டும். கழிவறையில் தாளைத் தவிர வேறெதையும் போடக் கூடாது என்பதையும், முடி உலர்த்தும் கருவியைப் படகின் மின்சாரம் தாங்காது என்பதையும் இந்தப் பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள். கால்வாய் நீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்பதால், நனைந்த கயிற்றைத் தொட்டவர்கள் சாப்பிடும் முன் சோப்பால் கை கழுவ வேண்டும்.

ஓட்டுபவரும் உள்ளே இருப்பவர்களும்

மழை நாளின் உண்மையான சிக்கல் இதுதான்: ஒருவர் மட்டும் 50 அடி பின்னால் தனியே நனைந்துகொண்டு நிற்பார், மற்றவர்கள் முன்னால் சூடாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேரம் கழித்து ஓட்டுபவருக்குக் கையும் விறைக்கும், மனமும் கசக்கும். எனவே படகு தெரிந்தவர் இருவராவது இருந்து, அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். ஓட்டுபவருக்கு மூடியுள்ள குவளையில் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பது ஒரு சிறுவனின் அதிகாரபூர்வப் பொறுப்பாக இருக்கட்டும். அவன் நடப்பது படகின் உள்ளே மட்டும்.

குடை பிடித்துக்கொண்டு ஓட்டக் கூடாது. ஒரு கை படகைத் திருப்பும் பிடியான டில்லரிலும் ஒரு கை வேகக் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டிய நேரத்தில் மூன்றாவது கை எங்கிருந்து வரும்? தவிரவும், தாழ்வான செங்கல் பாலத்தினடியில் குடை மாட்டினால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. விளிம்புள்ள தொப்பி, தலைமூடியுள்ள மழைக்கோட்டு, அதற்குள் கம்பளி, மழைக் காற்சட்டை, இரண்டு சோடிக் கையுறைகள், அவற்றுள் ஒன்று அடுப்பருகே உலர்ந்துகொண்டிருக்க வேண்டும், இவை போதும்.

விருந்தினருக்கு ஓட்டிப் பார்க்கும் ஆசை இருக்கும், மறுக்க வேண்டாம். பின்தளத்தில் ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் நிற்காமல், நேரான பகுதியில், எதிரே படகு இல்லாதபோது டில்லரைக் கொடுங்கள். டில்லரை இடப்பக்கம் தள்ளினால் படகின் முகம் வலப்பக்கம் திரும்பும் என்பதும், படகு தன் நடுவை அச்சாகக் கொண்டு திரும்புவதால் பின்பக்கம் எதிர்த்திசையில் வீசும் என்பதும் சொல்லிப் புரிவதில்லை, பிடித்துப் பார்த்தால்தான் புரியும். எதிரே படகு வந்தால் வலப்பக்கமாக ஒதுங்க வேண்டும். "மாமா, அவசரமே வேண்டாம், கொஞ்சம் திருப்பி, படகு கேட்கும்வரை காத்திருங்கள்" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தால், ஊரில் கார் ஓட்டிப் பழகியவர்களும் கால் மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

படகு நகரும்போது எண்ணெய் காயவைத்துப் பஜ்ஜி போடும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு சிறு மோதலில் வாணலி சரியும். வீட்டிலேயே செய்து எடுத்துவந்த சாம்பார் சாதமோ சூப்போ, அடுப்பின் மேல் வைத்துச் சூடாக்கிக்கொள்ளலாம். கெட்டிலைப் பாதியளவுக்கே நிரப்புங்கள்.

சுரங்கத்திற்குள்

வாயிலை நெருங்கும்போது முன்விளக்கை ஏற்றி, உள்ளே எதிர்விளக்கு தெரிகிறதா என்று பார்த்து, ஹாரனை ஒருமுறை நீளமாக ஒலித்துவிட்டு நுழையுங்கள். இந்தச் சுரங்கத்தில் இரண்டு நேரோபோட்டுகள் ஒன்றையொன்று கடக்க இடம் உண்டு. அகலப் படகுகள் முன்பதிவு செய்தே வர வேண்டும். கடக்க அரை மணி நேரத்திற்கு மேல் ஆகும். அறைக்குள் இருக்கும் விளக்குகளை ஏற்றிவைத்தால், சன்னல் வழியே சுவரில் விழும் ஒளி ஓட்டுபவருக்குப் பக்க இடைவெளியைக் காட்டும். ஆனால் ஓட்டுபவரின் காலருகே உள்ள பின்கதவைச் சாத்திவிட வேண்டும், இல்லையெனில் அந்த வெளிச்சம் கண்ணில் பட்டு முன்னால் இருட்டு மேலும் இருட்டாகும். எதிரே படகு வரும்போது வேகத்தைக் குறைத்து, வலப்பக்கச் சுவரை ஒட்டி, எதிர்விளக்கையே உற்றுப் பார்க்காமல் உங்கள் பக்கச் சுவரைப் பார்த்து ஓட்டுங்கள். புதியவர்கள் எதிர்விளக்கையே பார்த்து, தம்மையறியாமல் அதை நோக்கியே திருப்பிவிடுகிறார்கள்.

சுரங்கத்திற்குள் மழை இல்லை என்று நம்பித் தலைமூடியை இறக்கிவிடாதீர்கள். கூரையில் காற்றுக்காகக் குன்றின் உச்சிவரை வெட்டிய கிணறுகள் இருக்கின்றன. மழை நாளில் குன்றின் நீரெல்லாம் அவற்றின் சுவரில் ஊறி இறங்கும். தொலைவில் நீரின் மேல் வெளிறிய வட்டமாக ஒரு வெளிச்சம் தெரியும். நெருங்க நெருங்கப் படபடவென்று கூரைத் தகட்டில் துளிகள் விழும் ஓசை முன்னிருந்து பின்னோக்கி வரும். பிறகு ஐந்து வினாடிக்கு ஓட்டுபவரின் தோளில் குடத்தால் ஊற்றும். முன்தளத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு இதைப்போல் பிடித்த விளையாட்டு இல்லை. ஓட்டுபவர் செய்யக்கூடியது, வெளிச்ச வட்டம் தெரிந்ததும் தலையைக் குனிந்து டில்லரை நேராகப் பிடித்துக்கொள்வதுதான். ஒதுங்க முயன்றால் படகு சுவரில் உரசும்.

ஸ்டோக் புரூவர்னில்

தெற்கு வாயிலைத் தாண்டியதும், கால்வாய் அகன்றிருக்கும் இடத்தில் படகைத் திருப்பி வைத்துக்கொண்டால், சாப்பிட்ட பிறகு மழையில் அந்த வேலை இருக்காது. கட்டும் இடத்தில் வளையம் இருந்தால் வளையத்திலும், இரும்புத் தகட்டுக் கரையானால் அதற்கான கொக்கியிலும் கட்டுங்கள். முளை அடித்துக் கட்டுவது கடைசி வழி. ஊறிய மண்ணில் ஒற்றை முளை, வேகமாகக் கடக்கும் அடுத்த படகின் இழுப்பிலேயே பிடுங்கிக்கொண்டு வரும். வேறு வழியில்லை என்றால் இரண்டு முளைகளைக் குறுக்காக, தலைகள் நீரிலிருந்து விலகிச் சாயும்படி அடித்து, முன்னும் பின்னும் கயிற்றை இறுக்கமாகக் கட்டுங்கள். நடைபாதையில் வருபவர் தடுக்கி விழாமல் இருக்க, முளையின் தலையில் ஒரு வெள்ளைப் பையை மாட்டிவிடுங்கள். எத்தனை மணி நேரம் கட்டலாம் என்பது கரைப் பலகையில் எழுதியிருக்கும்.

பழைய தானிய ஆலை ஒன்றில் இயங்கும் கால்வாய் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் எளிதாகப் போகும். எதிர்க்கரையில் தி போட் இன் என்ற விடுதியில் சூடாகச் சாப்பிடலாம். திரும்ப ஓட்ட இருப்பவர் மட்டும் மதுவைத் தொடக் கூடாது. மேல் லாக் அருகிலேயே இருக்கிறது. அங்கிருந்து ஏழு லாக்குகள் கீழ்நோக்கி இறங்குகின்றன. சொந்தப் படகை அதில் இறக்காமலே விருந்தினருக்கு லாக் வேலையைக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. மழையில் வரும் வேறு படகுக்காரரிடம் கேட்டால், கதவு தள்ள ஆள் கிடைத்ததற்கு மகிழ்ந்துபோவார். கதவின் நீண்ட மரக்கையில் முதுகைச் சாய்த்து, தரையில் பதித்த செங்கல் மேடுகளில் குதிகாலை ஊன்றித் தள்ள வேண்டும். இரண்டு கதவுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டிக் கடக்கக் கூடாது. சுற்றிக்கொண்டு போக வேண்டும். கீழே இறங்கும் படகின் பின்பக்கம், மேல்கதவின் அடியில் உள்ள கல்படியில் அமர்ந்துவிட்டால் படகு சாய்ந்து மூழ்கும் என்பதையும், அதைத் தவிர்க்கவே சுவரில் வெள்ளைக்கோடு போட்டிருக்கிறது என்பதையும் அங்கே நேரில் காட்டலாம்.

திரும்பி வந்து விருந்தினரை அனுப்பிய பிறகு

இன்ஜின் இரண்டரை மணி நேரம் ஓடியிருப்பதால் தொட்டியில் வெந்நீர் நிறைய இருக்கும். நனைந்தவர்கள் கிளம்பும் முன் குளித்துக்கொள்ளலாம். ஈர உடைகளை அடுப்பின் மேல் தொங்கவிடாதீர்கள், படகுகளில் தீப்பிடிக்க அது ஒரு வழக்கமான காரணம்; இன்ஜின் அறையின் மிச்சச் சூட்டில் தொங்கவிட்டால் காலைக்குள் உலர்ந்துவிடும். புரொப்பல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில் கிரீஸ் திருகு இருந்தால், கை இறுகும்வரை அதைத் திருகி, படகின் அடிப்பகுதியான பில்ஜில் நீர் ஏறியிருக்கிறதா என்று மறுபடியும் பாருங்கள். நனைந்த கயிறுகளைச் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்படும்படி முன்தளக் கூடாரத்திற்குள் தளர்வாகத் தொங்கவிடுங்கள். இரவு மழை தொடர்ந்தால், மண்ணில் அடித்த முளைகளைப் படுக்கப்போகும் முன் ஒருமுறை சுத்தியலால் தட்டிவிட்டு வாருங்கள்.